படைக்காத பொரி

ஆயுதபூசைக்கு அலுவலகத்தில் பொரி மூட்டையைப் பிரித்ததும், பொட்டுக்கடலையும் சந்தனமும் கலந்த அந்த வாசனையில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. படைப்பதற்கு முன்பே கொஞ்சம் பொரியை எடுத்து, படைத்ததோடு கலந்துவிடாதபடி என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். பூட்டியதை மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன்.

பூதப்பாண்டிப் பக்கம் நான் படித்த அரசுப் பள்ளி இப்போது இல்லை. சாலையை அகலப்படுத்த இடித்துவிட்டார்கள். ஓடு வேய்ந்த இரண்டே அறைகள், மழைக்கு ஈரச் சுண்ணாம்பு மணக்கும் சுவர்கள். சரஸ்வதி பூசைக்குக் கரும்பலகையில் சந்தனம் தொட்டு, படத்தின் முன்னால் டீச்சர் ஒரு சுளவு, அதாவது முறம், நிறையப் பொரி படைப்பார். படைத்ததைத் தின்னக்கூடாதென்று வீட்டில் சொல்லி அனுப்பப்பட்ட கிறிஸ்தவப் பிள்ளைகளுக்காகப் பக்கத்து அறையில் இன்னொரு சுளவு தனியாக இருக்கும். அரசாங்கப் பள்ளியில் பூசை எதற்கென்று அன்று யாரும் கேட்டதில்லை, இரண்டு சுளவு இருந்ததே போதுமென்று நினைத்தோம்.

ஐந்தாம் வகுப்பில் இரண்டையும் முற்றத்துக்குத் தூக்கிவரும் வேலை எனக்குக் கிடைத்தது. இறக்கி வைத்து நிமிர்ந்தால், எது படைத்தது, எது படைக்காதது என்று தெரியவில்லை. டீச்சரிடம் கேட்கப் பயம். ஏதோ ஒன்றிலிருந்து அள்ளிக் கொடுக்கத் தொடங்கினேன்.

என் பெஞ்சில் இருக்கும் ஜெசி, பாவாடையை ஏந்திக்கொண்டு கேட்டாள்: “ஏட்டி, இது படைக்காததுதானே?”

“ஆமாட்டி.”

“நீ சொன்னா செரிதான்” என்று வாய் நிறையப் போட்டுக்கொண்டாள்.