பனியில் நின்ற இரண்டு சாமுராய்கள்

சித்தப்பா பட்டுப்புடவைக் கரைகளுக்கு கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவர். சின்ன காஞ்சிபுரத்தில் அவர் வீட்டு முன்னறைத் திரையில் பகலெல்லாம் அன்னமும் யாளியும் கட்டம் கட்டமாக வளர்ந்துகொண்டிருக்கும். மதியம் அவர் கண்ணயரும் நேரத்தில் மட்டும் அது எனக்கும் அவர் மகனுக்கும் சொந்தம். அப்போது அதில் பனி பெய்யும்.

யாரோ கொடுத்த சி.டி.யில் வந்த சாமுராய் விளையாட்டு. மூங்கில் தோப்பில் இரண்டு வீரர்கள் நீண்ட வாளோடு எதிரெதிரே நிற்பார்கள். வெளியே சித்திரை வெயில் கொளுத்தும். ஜன்னலைச் சாத்திவிட்டு அந்தப் பனியையே பார்த்துக்கொண்டிருந்தால் உள்ளங்கால் சில்லிடும். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம்கூட யாரோ பனியில் நடந்து வருவதுபோலக் கேட்கும்.

அந்த விளையாட்டுக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. முதலில் குனிந்து வணங்க வேண்டும். முதுகில் வெட்டக்கூடாது, விழுந்தவனை வெட்டக்கூடாது. மீறினால், ஜெயித்திருந்தாலும் திரை இருண்டு நம்மை வெளியே தள்ளிவிடும். சி.டி.யில் கீறல் என்றுதான் நாங்கள் முதலில் நினைத்தோம்.

அந்த நாட்களில் அப்பாவும் சித்தப்பாவும் பேசிக்கொள்வதில்லை. ஒரு கல்யாணப் பந்தியில், அப்பா இல்லாத நேரம் பார்த்து, சித்தப்பா அவரைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டாராம். என்ன என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. என்னை அழைத்துப்போக வரும் அப்பா தெருமுனையிலேயே மொபெட்டை நிறுத்தி ஹாரன் அடிப்பார். நான் ஓடிவிடுவேன்.

ஒருநாள் வாள் சத்தத்தில் ஹாரன் எனக்குக் கேட்கவில்லை. வெயிலில் காத்துப் பார்த்துவிட்டு அப்பா உள்ளேயே வந்துவிட்டார். அதே நேரம் சித்தப்பாவும் தூக்கக் கலக்கத்தோடு எழுந்து வந்தார். இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சித்தப்பா மகனான தம்பிக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. “பெரிப்பா, ஒரு ஆட்டம் ஆடுங்க. அப்பா, நீயும் உக்காருப்பா, ரெண்டு பேர் வேணும்” என்று இருவரையும் இழுத்து உட்காரவைத்தான்.

ஒரே கீபோர்டு. இடப்பக்க எழுத்துகள் அப்பாவுக்கு, வலப்பக்க அம்புக்குறிகள் சித்தப்பாவுக்கு. தோளோடு தோள் உரசாமல் ஆட முடியாது.

“மொதல்ல குனிஞ்சி வணங்கணும் பெரிப்பா. முதுவுல மட்டும் வெட்டிடாதீங்க, வெளிய தள்ளிடும்” என்றான் தம்பி. சித்தப்பா அவனை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

அப்பாவின் வீரன் மூங்கிலில் முட்டிக்கொண்டிருந்தான். சித்தப்பாவின் வீரன் வேகமாகப் பாய்ந்து, குறி தவறிப் பனியில் குப்புற விழுந்தான். முதுகு முழுக்க அப்பாவின் வாளுக்கு நேரே.

“அடிப்பா! இப்பவே அடி!” என்று கத்தினேன். தள்ளிவிட்டால் விடட்டும், அப்பா ஜெயித்தால் போதும் எனக்கு.

அப்பா விரலை எடுத்துவிட்டார். “எழுந்துக்கட்டும் இரு” என்றார்.

வீரன் எழுந்தான். சித்தப்பா வாளை வீசவில்லை. வணங்கும் விசையை அழுத்தினார். சண்டை நடுவில் அதனால் ஒரு பயனும் இல்லை, கழுத்துதான் வாளுக்குக் கிடைக்கும். வீரன் குனிந்தான். நிமிர்ந்து மறுபடியும் குனிந்தான். கொஞ்ச நேரம் கழித்து அப்பாவின் வீரனும் குனிந்தான். இருவர்மீதும் பனி பெய்துகொண்டே இருந்தது.

நேரம் முடிந்தது. இருவருக்குமே தோல்வி என்றது திரை.

“சாப்ட்டுட்டுப் போண்ணா” என்றார் சித்தப்பா, திரையைப் பார்த்தபடியே. சித்தி அதற்குள் உள்ளே இலை போட்டுக்கொண்டிருந்தாள்.

அப்பா ரசம் சோறு இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். திரும்பும்போது வழியெல்லாம் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தார். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கோ அழுகையாக வந்தது. தோற்றுப்போனவருக்கு என்ன பாட்டு? வாளை வீச எந்த விசை என்று தம்பி அவருக்கு ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.