பத்துக் கட்டமும் எண்ணூறு மேற்கோளும்

ஹம்ஸாவின் பெயரைக் கம்ப்யூட்டரில் தட்டினால் முதலில் வந்து நின்றது ஓர் எண். எண்ணூற்றுப் பன்னிரண்டு. பதினெட்டு வருஷத்துக்கு முன் அவள் எழுதிய ஒரு கட்டுரையை இத்தனை பேர் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருந்தார்கள். மைசூர் யாதவகிரியில் ரயில்வே குமாஸ்தாவின் மகளாகப் பிறந்த சூழலியல் விஞ்ஞானிக்கு பதவி உயர்வு, வெளிநாட்டுப் பயணம், மாணவர் கூட்டம், எல்லாம் அந்த எண் போட்ட சோறு. ஐம்பத்து நான்கு வயதில், துறைத் தலைவர் பதவிக்கும் அதைத்தான் நம்பியிருந்தாள்.

கட்டுரை சொன்னது இவ்வளவுதான்: உண்ணிச்செடிப் புதர் மண்டிய காட்டில் புது மரக்கன்று முளைப்பதில்லை. மலையடி ஊரான மார்டள்ளிக்கு மேலே, புதருக்குள் பத்துக் கட்டம் கயிறு கட்டி, மூலைக்கு ஓர் இரும்புக் குச்சி அடித்து, நான்கு வருஷம் எண்ணினாள். எண்ணினாள் என்றால், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மைசூரிலிருந்து போய் எண்ணினாள். மற்ற நாளில் கட்டங்களைப் பார்த்துக்கொண்டது, அந்த ஊரில் காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மாதம்மா. ஒப்பிட்டுப் பார்க்க, புதர் இல்லாத இடத்தில் இன்னொரு பத்துக் கட்டம். அதற்கு ஒரு வனக்காவலர். அந்த மனுஷன் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. கட்டுரையின் அடியில் ‘உள்ளூர் உதவியாளர்களுக்கு நன்றி’ என்று ஒரு வரி இருக்கும், பெயர் இருக்காது.

போன ஜூலையில், அவள் வேலை பார்க்கும் ஆராய்ச்சி நிறுவனம் அவளைப் பற்றி வீடியோ எடுக்கத் தீர்மானித்தது. கேமராவோடு தீபக் என்பவன் வந்தான். மாதம்மாவையும் கூட்டிக்கொண்டு, பதினெட்டு வருஷம் கழித்து ஹம்ஸா அந்தக் காட்டுக்குப் போனாள். துருப்பிடித்த குச்சிகள் அப்படியே இருந்தன. நடுவில், உண்ணிச்செடியைப் பிளந்துகொண்டு, இரண்டு ஆள் உயரத்துக்கு மரங்கள் நின்றன. பத்துக் கட்டத்திலும்.

எப்போதிருந்து இது என்று ஹம்ஸா கேட்டாள். நீங்கள் வருவதை நிறுத்தியபின் களையெடுப்பதை நானும் விட்டுவிட்டேன் என்றாள் மாதம்மா.

"மேடம் வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாலயே புதுசா மொளச்சதெல்லாம் சுத்தமாப் புடுங்கிப் போட்ருவனுங்க. நீங்க நம்பர் வில்லை கட்டுன கன்ன மட்டும் உட்ருவன். புதரத் தொடாதேன்னீங்க, அதத் தொடலீங்க."

"என்கிட்ட ஏன் மாதம்மா சொல்லலை?"

"நீங்க கேக்கவே இல்லீங்களே. கட்டம் சுத்தமா இருக்குதுன்னு நீங்களே ஒருக்காச் சொன்னீங்க."

மாதம்மா பெருமையாகத்தான் சொன்னாள். கூலி வாங்கிக்கொண்டு கட்டத்தில் களை விட்டவள் என்று பெயரெடுக்க அவளுக்கு மனசில்லை. அவள் மேல் என்ன தப்பு? வனக்காவலர் எட்டிப் பார்க்காத கட்டங்களில் மட்டும் கன்று பிழைத்திருந்தது. திரும்பும் வழியில் கொள்ளேகாலில் வண்டியை நிறுத்தி தீபக் வாங்கித் தந்த காபியை ஹம்ஸா அப்படியே வைத்துவிட்டாள்.

அந்த வாரம் அவள் செய்த வேலையை அதுவரை செய்ததே இல்லை. தன்னை மேற்கோள் காட்டியவர்களை உட்கார்ந்து படித்தாள். அடச்சே, என்ன கண்றாவி அது! முக்கால்வாசிப் பேர் கட்டுரையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஒருத்தர் பத்துக் கட்டத்தை நூறாக்கியிருந்தார். இன்னொருத்தர் ஏரி மீனைப் பற்றி எழுதிவிட்டு, போகிற போக்கில் அவளையும் செருகியிருந்தார். நாற்பத்தொன்று அவளுடைய மாணவர்களுடையது. போடச் சொன்னதே அவள்தான். ஊரை எல்லாம் காறித் துப்பிவிட்டு அந்த நாற்பத்தொன்றுக்கு வந்தபோது அவளுக்குத் தன் மேலேயே குமட்டியது.

கட்டுரையைத் திரும்பப் பெறப் போகிறேன் என்று நிறுவனத்தின் இயக்குநர் பசவராஜிடம் போய் நின்றாள். அவர் கதவைச் சாத்தச் சொன்னார். நிறுவனத்தின் தரவரிசை இந்த எண்ணில்தான் நிற்கிறது, துறைத் தலைவர் நாற்காலியும் உனக்குத்தான், எந்தப் பைத்தியம் காட்டுக்குப் போய்ப் பார்க்கப் போகிறது என்றார். அவள் அசையவில்லை என்றதும், சரி, கூலியாள் செய்த தவறு என்று எழுதிவிடு, உன் பெயராவது மிஞ்சும் என்று வழி சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் கைபேசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

தவறு என்னுடையது, கேட்க வேண்டியதை நான் கேட்கவில்லை என்று எழுதி அனுப்பினாள். ஐந்து மாதம் இழுத்தடித்து, கட்டுரையின் ஒவ்வொரு பக்கத்திலும் ‘திரும்பப் பெறப்பட்டது’ என்று குறுக்கே சிவப்பில் அச்சடித்தார்கள். நாற்காலி வேறொருவருக்குப் போனது. வராந்தாவில் எதிரே வருகிறவர்கள் திடீரென்று செல்போன் பார்க்கத் தொடங்கினார்கள். அது போகட்டும், பொய்யாவது தொலைந்ததே என்று அவள் நிம்மதியாகத்தான் இருந்தாள்.

போன திங்கட்கிழமை ஏதோ தேடப்போனவள் அந்த எண்ணைப் பார்த்தாள். எண்ணூற்று முப்பத்தொன்று. குறைந்திருக்க வேண்டியது பத்தொன்பது கூடியிருந்தது. கடைசியாக வந்ததைத் திறந்தாள். ‘உண்ணிச்செடிக் காட்டில் கன்று முளைப்பதில்லை என்பதை ஹம்ஸா ஐயமற நிறுவியிருக்கிறார்’ என்றது கட்டுரை. எழுதியவர் பசவராஜ்.

கடைசிப் பக்கத்தில் அவளுக்கு நன்றி வேறு. உள்ளூர் உதவியாளர் என்றெல்லாம் இல்லை. முழுப் பெயர் போட்டிருந்தார்.