கொனாடு கட்டிய பெட்டிக்கடை

2009ஆம் ஆண்டு, ஹார்மட்டான் புழுதிக்காற்று வீசும் பருவத்தில், கானா நாட்டின் குமாசி நகரில், ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்வா கொனாடுவை முதன்முதலில் சந்தித்தாள். சிறிய பெட்டிக்கடை ஒன்றை வடிவமைத்துக் கட்டிக்காட்ட வேண்டிய தேர்வில் இருவரும் ஒரே குழு. கொனாடு இடக்கைப் பழக்கமுள்ளவள். இடக்கையைப் பயன்படுத்துவது மரியாதைக் குறைவு என்று பள்ளியில் அந்தக் கையைத் துணியால் கட்டிவைத்தார்கள். அவிழ்த்துவிட்ட நேரங்களில் அவள் அந்தக் கையாலேயே படம் வரைந்தாள். குழுவில் அவளைப் போல வரைபவர் வேறு எவரும் இல்லாததால், கடையின் வரைபடத்தை அவளிடமே விட்டுவிட்டார்கள்.

தேர்வன்று ஆசிரியர் டார்க்வா, வாடிக்கையாளர் போல வந்து ஒரு டின் பால் கேட்டார். அலமாரி இடப்பக்கம் இருந்தது. இடுக்கான கடைக்குள் உட்கார்ந்திருந்த சேர்வாவின் வலக்கை அங்கே எட்டவில்லை. இடக்கையால் எடுத்து நீட்டினாள். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஏம்மா, உங்க வீட்ல பெரியவங்களுக்கு இந்தக் கையாலதான் கொடுப்பீங்களா?"

"கடைய அப்படிக் கட்டியிருக்கு, ஐயா."

"அப்போ கடைக்குத்தான் மரியாதை தெரியல. சாயங்காலத்துக்குள்ள சரிபண்ணலன்னா மொத்தக் குழுவும் ஃபெயில்."

"உன்னைக் கடை கட்டச் சொன்னோமா, உன் அளவுக்குச் சட்டை தைக்கச் சொன்னோமா?" என்று சேர்வா கொனாடுவைக் கேட்டாள். கொனாடு அலமாரியைக் கழற்றி வலப்பக்கம் பொருத்தினாள்.

மாலையில் வந்த டார்க்வா, வரைந்தவளே விற்கட்டும் என்றார். கொனாடு உள்ளே போய் உட்கார்ந்தாள். வலக்கையால் எடுத்த முதல் டின் நழுவி விழுந்தது. இரண்டாவது, அடுக்கையே சாய்த்தது. சேர்வா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்றாவதை எடுக்குமுன் கொனாடு மிகப் பணிவாகக் கேட்டாள்:

"ஐயா, ஒரு நிமிஷம் கண்ண மூடிக்கிட்டு கைய நீட்டுறீங்களா?"