பூதத்துக்குப் பல் கட்டியவள்

யாரைப் பார்த்தாலும் அவள் கண் முதலில் போவது வாய்க்குத்தான். தொழில் அப்படி. இருபது வருடமாகப் பல் லேபில் வேலை. டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்து உடைந்த பல்லுக்கு உறை, விழுந்த பல்லுக்கு மாற்று, பல்லே இல்லாதவருக்கு முழு செட் என்று செய்து, சின்னச் சின்ன டப்பாவில் போட்டு அனுப்பும் இடம் அது. ஆரம்பத்தில் மெழுகும் சிறு கத்தியுமாகச் செதுக்கியவள், இப்போது கம்ப்யூட்டர் திரையில் பல்லைச் சுழற்றிச் சுழற்றிச் செதுக்குகிறாள். யாராவது கல்யாண போட்டோவைக் காட்டி மாப்பிள்ளை எப்படி என்று கேட்டால், "மேல் வரிசையில ரெண்டாவது பல்லு ஒட்ட வச்சது" என்பாள். வேறு எதுவும் அவள் கண்ணில் பட்டிருக்காது.

கணவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். கண்ணும் பல்லும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துவதாகச் சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். வீட்டில் மூன்றாவது ஆள் அவருடைய அம்மா. எழுபத்திரண்டு வயதிலும் ஒரு பல்கூட விழாத மனுஷி. மருமகளின் தொழிலுக்குத் தன்னால் காலணா பிரயோஜனம் இல்லை என்பதில் அவருக்குப் பெருமை.

லேபில் கம்ப்யூட்டர்களை மாற்றியபோது பழசுகளை வேலை செய்கிறவர்களே எடுத்துக்கொள்ளலாம் என்றார் மேனேஜர். அவள் ஒன்றைத் தூக்கி வந்து சாப்பாட்டு அறை மூலையில் வைத்தாள். பல் செதுக்குகிற கம்ப்யூட்டர் என்பதால் படம் காட்டுவதில் கெட்டி. சனிக்கிழமை மதியம் சும்மா இணையத்தில் தேடிக்கொண்டிருந்தவளின் கண்ணில் பட்டது அந்த விளையாட்டு.

படிக்கிற காலத்தில் விடுதியில் அதற்குக் 'கப்பல் கேம்' என்று பெயர். விண்வெளியில் ஒரு கப்பல் பழுதாகி நிற்கிறது. தூக்கத்திலிருந்து எழுந்து வருகிறான் ஒரு பற்றவைப்புத் தொழிலாளி. கப்பலின் குழாய்களுக்குள் பூதங்கள் குடியேறியிருக்கின்றன. அவற்றைச் சுட்டுத் தள்ளியபடி அறை அறையாக மின்சாரத்தை மீட்க வேண்டும். நான்கு பெண்கள், ஒரே கம்ப்யூட்டர், முறைவைத்து ஆட்டம். மற்ற மூவரும் கண்ணை மூடிக்கொள்ளும் இடங்களில் இவள்தான் சுடுவாள்.

இறக்கி, ஓடவிட்டுப் பார்த்தாள். மனசுக்குள் ஓர் ஊர் அளவுக்குப் பெரிதாக இருந்த கப்பல் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கியிருந்தது. சுவர்கள் கட்டம் கட்டமாக, பூதம் அட்டையில் வெட்டி ஒட்டியதுபோல. அஞ்சாவது நிமிஷத்தில் தலை சுற்றியது. பத்தாவது நிமிஷத்தில் செத்துப்போனாள்.

"இதுக்குத்தான் அந்தக் காலத்துல அந்தப் பயம் பயந்தீங்களா?" என்றார் கணவர், பின்னால் நின்று.

"பேசாம இருங்க. எந்த பட்டன் எதுக்குன்னே மறந்துபோச்சு."

ஆனால் அவளுக்கு விட மனசில்லை. தேடிக்கொண்டே போனபோதுதான் ஒரு புது உலகமே கிடைத்தது. விளையாட்டைச் செய்த கம்பெனி எப்போதோ கடையைச் சாத்திவிட்டது. ரசிகர்கள் விடவில்லை. ஆளுக்கொரு 'மாட்' என்று, விளையாட்டுக்குள் செருகிக்கொள்ளும் மாற்றங்களைத் தாங்களே செய்து, இனாமாகப் போட்டு வைத்திருந்தார்கள். ஒருவர் கப்பல் முழுக்க விளக்குகளை மாற்றியிருந்தார். இன்னொருவர் ஒவ்வொரு சுவரையும் புதிதாக வரைந்திருந்தார். பாதியில் கைவிடப்பட்ட ஆறு அறைகளை மீட்டுக் கட்டியிருந்தது ஒரு குழு. துப்பாக்கியைக் குடையாக மாற்றும் மாட் ஒன்று. அதை எதற்குச் செய்தார் என்று செய்தவருக்கே தெரியவில்லையாம், பக்கத்தில் அப்படியே எழுதி வைத்திருந்தார்.

பந்தியில் உட்கார்ந்தவள்போல் அவள் பதினோரு மாட்களை ஒன்றாக அள்ளிப் போட்டாள். கப்பல் முழுக்க ரோஸ் கலராகிவிட்டது. கதவுகள் கூரையில் தொங்கின. பற்றவைப்புத் தொழிலாளிக்குத் தலையைக் காணோம்.

ரசிகர்கள் கூடிப் பேசும் தளத்தில் போய்க் கூச்சத்தோடு கேட்டாள். 'துருப்பிடித்த ஆணி' என்ற பெயரில் இருந்த ஒருவர் அரைமணியில் பதில் எழுதினார். எதை முதலில் போட வேண்டும், எதைக் கடைசியில், எந்த இரண்டு ஒன்றுக்கொன்று ஒத்துவராது என்று புட்டுப் புட்டு வைத்தார். சுவர்களைப் புதிதாக வரைந்தவரும் அவரேதான். அவர் சொன்ன வரிசையில் போட்டதும் கப்பலுக்கு உயிர் வந்துவிட்டது. இரும்புத் தரையில் எண்ணெய் மினுங்கியது. குழாயில் நீராவி கசிந்தது. முதல் பூதம் குழாயைப் பிய்த்துக்கொண்டு பாய்ந்து, அவள் முகத்துக்கு நேரே வாயைப் பிளந்தது.

அவள் சுடவில்லை. உற்றுப் பார்த்தாள். பூதம் கடித்துக் கொன்றது. மறுபடி போனாள், மறுபடி உற்றுப் பார்த்தாள், மறுபடி செத்தாள். நான்காவது தடவை விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்தாள். அடுப்படியிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்தார்.

"என்னடி ஆச்சு?"

"அத்தை, இதோட கடைவாய்ப் பல்லப் பாருங்க. ரெண்டு பக்கமும் இடது பக்கத்துப் பல்லு. முன்பல்லத் தலைகீழா நட்டு வச்சிருக்கான். இது வாய மூடுச்சுன்னா கீழ்ப்பல்லு அண்ணத்தக் கிழிச்சுட்டு மூளைக்குப் போயிடும்!"

பழைய மங்கல் படத்தில் தெரியாத குளறுபடியெல்லாம் புதுத் தெளிவில் பல்லை இளித்துவிட்டது. அவளால் பொறுக்க முடியவில்லை. தளத்தில் நீளமாக எழுதினாள்: இந்த மிருகத்தால் ஒரு வாழைப்பழத்தைக்கூட மெல்ல முடியாது, ஒரே வாரத்தில் பட்டினி கிடந்து செத்துவிடும், இதைச் சுடத் தோட்டாவை வீணாக்க வேண்டியதில்லை. எந்தப் பல் எங்கே தப்பு என்று ஒன்பது காரணம் வேறு.

தளத்தில் எல்லாரும் சிரிப்பான சிரிப்பு. 'துருப்பிடித்த ஆணி' மட்டும், "குறை சொன்னவங்களே சரி பண்ணிக் குடுக்குறதுதான் இங்க வழக்கம்" என்று எழுதினார்.

மானப் பிரச்சினையாகிவிட்டது.

பல் செய்வது அவளுக்கு ஒரு பெரிய விஷயமில்லை என்றுதான் நினைத்தாள். இரண்டு நாளில் முப்பத்தாறு பற்களை அமர்க்களமாகச் செதுக்கி விளையாட்டில் போட்டாள். கம்ப்யூட்டர் மூச்சை நிறுத்திக்கொண்டது. கம்ப்யூட்டர் உருவம் எல்லாமே முக்கோணத் துண்டுகளைக் கோத்துச் செய்வது; லேபில் ஒரே பல்லுக்கு இரண்டு லட்சம் துண்டுகள்வரை வைத்துச் செதுக்கலாம். இந்தப் பழைய விளையாட்டோ பூதத்தின் முழுத் தலைக்கும் சேர்த்து எழுநூறுதான் தாங்கும். ஒரு பல்லுக்குப் பத்துத் துண்டு கிடைத்தால் அதிகம். பத்துத் தட்டையான முகங்களை வைத்துக்கொண்டு கோரைப்பல்லைக் கோரைப்பல்லாகக் காட்ட வேண்டும். எது இல்லாவிட்டால் பல் பல்லாக இருக்காது, எதை விட்டால் யாருக்கும் தெரியாது என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தாள். இருபது வருஷத்தில் அவளுக்கு எந்த டாக்டரும் வைக்காத பரீட்சை அது. மூன்று வாரம் எடுத்தது.

அடுத்த வில்லங்கம் தாடை. புதுப் பற்களோடு பூதம் மெல்லும்போது தாடை எப்படி நகர வேண்டும் என்று பார்க்க ஒரு வாய் தேவைப்பட்டது. பல் எல்லாம் இருக்கிற வாய்.

"அத்தை, கொஞ்சம் வாயத் தொறங்க."

"எதுக்கு?"

"ஒரு பூதத்துக்குப் பல்லு கட்டணும்."

மாமியார் கையிலிருந்த பத்திரிகையைக் கீழே வைத்தார். "ஊர்ல இத்தன பேர் இருக்கும்போது பூதத்துக்கு என் வாய்தான் கெடச்சுதா?"

"உங்க அளவுக்கு ஒழுங்கான வாய் இங்க யாருக்கு இருக்கு?"

மாமியார் ஒரு கேரட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் வெளிச்சத்தில் உட்கார்ந்தார். கணவர் செல்போனில் படம் பிடித்தார். மெதுவாக மெல்லுங்கள் என்றால் மெதுவாக, பக்கவாட்டில் என்றால் பக்கவாட்டில். மூன்று கேரட் காலி. "பூதம் இவ்வளவு நாசூக்காவா சாப்பிடும்?" என்று கேட்டுவிட்டு, நான்காவதை அவரே ஆவேசமாகக் கடித்துக் காட்டினார். அதுதான் கடைசியில் விளையாட்டில் இடம்பிடித்தது.

தன் 'மாட்'டை வெளியிடும் இணையப் பக்கம் செய்தவர் பெயரைக் கேட்டது. தளத்தில் எல்லாரும் அவளைப் 'பல் டாக்டர்' என்றே அழைத்துவந்தார்கள். அது பொய்யாகிவிடும். யோசித்துப் பார்த்து, லேபில் சின்னவர்கள் தன்னைக் கூப்பிடும் 'பல்லக்கா' என்பதையே போட்டுவிட்டாள்.

முதல் நாளே நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறக்கிக்கொண்டார்கள். இரண்டாம் நாள் புகார்கள் வர ஆரம்பித்தன.

"பல் பிரமாதம். ஆனால் பூதம் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது."

"சுட மனசு வரவில்லை."

"என் பூதம் என் சித்தப்பாவைவிட லட்சணமாக இருக்கிறது."

ஓடவிட்டுப் பார்த்தாள். உண்மைதான். மேலும் கீழும் கச்சிதமாகப் பொருந்திய பல்வரிசையோடு, பூதம் வாயை மூடியும் மூடாமலும் நின்றபோது, பற்பசை விளம்பரத்துக்கு வந்ததுபோல் பளீரென்று சிரித்தது. மனுஷருக்குக் கட்டிக் கட்டிப் பழகிய கை. பூதத்துக்கும் அழகாகவே கட்டிவிட்டிருந்தது. கணவருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவள் சளைக்கவில்லை. எலும்பைக் கடித்துத் தின்கிற, வயதான மிருகத்தின் வாய் எப்படி இருக்கும் என்று யோசித்தாள். முன்பல்லின் முனையை உடைத்தாள். கடைவாயைத் தேய்த்தாள். ஈறோரம் காரை படிய வைத்து, ஒரு கோரைப்பல்லை வேரோடு எடுத்துவிட்டாள். அதைத் தளத்தில் காட்டினாள். 'துருப்பிடித்த ஆணி' ஒரே வரி எழுதினார்: "மறுபடியும் பயம் வந்துவிட்டது, நன்றி." அதை அவள் இரண்டு தடவை படித்தாள்.

இறக்கிக்கொள்ளும் பக்கத்தில் இரண்டையுமே வைத்தாள். பயங்கரப் பல்லைவிடச் சிரிக்கிற பல்லைத்தான் ஜனங்கள் இரண்டு மடங்கு இறக்கிக்கொண்டார்கள் என்பது வேறு விஷயம்.

பூதத்தின் தாடையை லேபின் முப்பரிமாண மெஷினில் நிஜ உருவமாக அச்சடிக்கும் யோசனை மேனேஜருடையது. "மிச்சப் பிசின் வீணாத்தான போகுது, போட்டுப் பாரு" என்றார். உள்ளங்கை அகலத்துக்குத் தாடை வந்தது. மேஜையில் வைத்துக்கொண்டாள்.

ஒரு புதன்கிழமை, இளம் டாக்டர் ஒருவர் லேபுக்கே நேரில் வந்தார். ஒரு நோயாளிக்குச் செய்த உறையின் நிறம் பக்கத்துப் பல்லோடு ஒத்துப்போகவில்லை என்று புகார். சூடாகத்தான் வந்தார். மேனேஜர் அவரை அவள் மேஜைக்குக் கூட்டி வந்தார். பேச வாயைத் திறந்த டாக்டரின் கண் மேஜையில் இருந்த தாடைமேல் விழுந்தது.

"இது... கப்பல் பூதம்தான?"

"ஆமாங்க சார்."

"சிரிக்கிற பூதமா?"

"அது பழசு. இது கடிக்கிறது."

டாக்டர் தாடையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பல்லக்கா நீங்களா?" என்றார். ஆறு வருடமாகத் தன் நோயாளிகளின் வாயில் தான் பொருத்துகிற பல்லையெல்லாம் செய்வதும் இதே கைதான் என்பது அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. கொஞ்சம் கூச்சத்தோடு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"நெறத்த போன்ல சொன்னா புரியாது சார்," என்றாள் அவள். "போட்டோவிலயும் ஏமாத்தும். ஆள ஒரு நாள் பகல்ல அனுப்புங்க, நானே பாத்துச் சொல்றேன்."

மறுநாளே அந்த நோயாளி வந்தார். பாட்டு டீச்சர். அவரை ஜன்னலோரம் உட்கார வைத்து, மாதிரிப் பற்களை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்து நிறத்தைக் குறித்துக்கொண்டாள். ஒரு வாரத்தில் புது உறை போனது. டீச்சர் திரும்பவும் லேபுக்கு வந்து, வாயைத் திறந்து காட்டிவிட்டு, அப்புறம் சிரித்தார். எது உறை என்று அவளுக்கே ஒரு கணம் தேட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு நிறம் பார்க்க ஆட்களை நேரிலேயே அனுப்பும் வழக்கம் வந்தது. வியாழக்கிழமை மதியங்களில் அவள் மேஜைக்கு முன்னால் இரண்டு மூன்று பேராவது காத்திருக்கிறார்கள்.

சனிக்கிழமைகள் கப்பலுக்கு. 'துருப்பிடித்த ஆணி'யின் குழு கப்பலில் புதிதாக ஒரு மருத்துவ அறை கட்டுகிறது. அதில் பல் பார்க்கும் நாற்காலி வைக்கும் பொறுப்பு அவளுடையது. கணவரும் விளையாடப் பழகிக்கொண்டிருக்கிறார். சிரிக்கிற பூதம்தான் வேண்டும் என்று பிடிவாதம். ஒவ்வொரு பூதத்தையும் சுடுவதற்கு முன்னால், "மன்னிச்சுக்கம்மா" என்கிறார். அந்த இடைவெளியில் அது அவரைக் கடித்துவிடுகிறது. கடிக்கிற வேகத்தைப் பார்த்து மாமியார், "நல்லா மெல்லுதுடி" என்று பாராட்டுகிறார்.