செவிட்டு முயல் இருந்த வீடு

அஸ்தினாபுரத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர்கள் அந்த ஊரின் பழைய குடும்பம். அவர்களுடைய நிலமெல்லாம் மனைகளாகி, மனைகளெல்லாம் எங்களைப் போன்ற மாதச் சம்பளக்காரர்களின் வீடுகளாகிவிட்டன. வீட்டுக்கார அம்மாவால் மட்டும் சும்மா உட்கார முடியவில்லை. பின்பக்கம் கோழி, வாத்து, முயல் என்று எதையாவது வளர்த்துக்கொண்டே இருந்தார். என் மகளுக்குப் பத்து வயது முடிந்தபோது இரண்டு முயல் குட்டிகளைக் கூடையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தவரும் அவர்தான். ஒன்று சாம்பல் நிறம், இன்னொன்று வெள்ளை. அவற்றுக்கு அதுவே பெயராகவும் ஆகிவிட்டது.

அப்போது நான் குரோம்பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். என் காது கேட்காமல் போய்க்கொண்டிருந்தது. மகள் பிறந்த பிறகு மெல்ல ஆரம்பித்தது அது. முதலில் கிசுகிசுப்பான பேச்சு போயிற்று, பிறகு அடுத்த அறையில் பேசுவது. அதன் பின் முகத்தைப் பார்க்காமல் யார் பேசினாலும் வெறும் முணுமுணுப்புதான். நான் யாரிடமும் சொல்லவில்லை. வகுப்பில் பதிலை வாயால் சொல்ல விடமாட்டேன். "போர்டில் வந்து எழுது" என்பேன். கண்டிப்பான டீச்சர் என்று பெயர் வந்தது. ஆசிரியர் அறையில் பக்கத்து நாற்காலி டீச்சர் சிரித்தால் நானும் சிரிப்பேன். கூப்பிட்டும் நான் திரும்பாத சில நேரங்களில் பின்னால் என்ன சொன்னார்கள் என்று எனக்கே ஒருவர் வந்து சொன்னார். "அந்த டீச்சருக்குத் திமிர் ஜாஸ்தி." செவிடு என்பதைவிட அது பரவாயில்லை என்று தோன்றியது.

அந்த வருடத் தீபாவளிக்குத் தெருவே அதிர்ந்தது. சாம்பல் கூண்டின் மூலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நடுங்கியது. வெள்ளையோ முட்டைக்கோஸ் இலையை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தது. என் கணவருக்கு ஒரே பெருமை. வருகிறவர்களையெல்லாம் அழைத்துக் காட்டினார். "பாருங்க, லட்சுமி வெடிக்குக்கூட அசையல. சரியான தைரியசாலி!"

தை மாதத்தில் ஜோடி சேர்ப்பதற்காக வீட்டுக்கார அம்மா சாம்பலைத் தன் கூண்டுக்கு எடுத்துப்போனார். அதன் பிறகு வெள்ளையின் நடவடிக்கையே மாறிவிட்டது. சாம்பல் ஓடினால் ஓடி, சாம்பல் காதைத் தூக்கினால் தானும் தூக்கிக்கொண்டிருந்த முயல் அது. தனியான பிறகு எப்போதும் சுவரை ஒட்டி, கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தது. மகள் இலையை வைத்துக்கொண்டு பின்னாலிருந்து கூப்பிட்டால் வராது. இலை கண்ணில் பட்டால் வரும். ஒருநாள் என் கணவர் பின்னாலிருந்து குனிந்து அதைத் தூக்கப் போனார். அது துள்ளிப்போய்ச் சுவரில் மோதி, அவர் கையைப் பிராண்டிவிட்டது.

"கூப்பிட்டாத் திரும்பறதே இல்ல. இதுக்குத் திமிர்," என்றார் அவர், கையை உதறிக்கொண்டே.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. அந்த முயலுக்கு என்ன என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. சுவரை ஒட்டி உட்காருவது ஏன், வாசலைப் பார்த்தே இருப்பது ஏன் என்று எனக்குத் தெரியாதா? சொல்ல வாயெடுத்தேன். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் என்ன சொல்வது? அடுப்பைப் பார்க்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

கண்டுபிடித்துச் சொன்னவள் என் மகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளையின் பின்னால் உட்கார்ந்து செய்தித்தாளைக் கிழித்தாள். பிறகு கொத்தமல்லி வைத்திருந்த பிளாஸ்டிக் பையைக் கசக்கினாள். சாதாரணமாக எந்த முயலும் அந்தச் சத்தத்துக்கு ஓடிவரும். வெள்ளை திரும்பவில்லை. அவள் எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் எடுத்துவந்து தட்டினாள். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் மதில் மேல் ஏறிவிட்டார்கள். முயல் நிதானமாக முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தது. "டேய், செவிடு டா!" என்று ஒரு பையன் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். சிரிப்பு அடங்கும்வரை ஒரு புடவையையே திரும்பத் திரும்ப உதறிக்கொண்டிருந்தேன்.

மகள் விடவில்லை. வெள்ளையை ஒரு வயர் கூடையில் வைத்துக்கொண்டு, தாம்பரத்தில் இருந்த மாட்டாஸ்பத்திரிக்கு நானும் அவளும் பஸ்ஸில் போனோம். டாக்டர் டார்ச் அடித்து இரண்டு காதையும் பார்த்தார். சீழ் இல்லை, சொறி இல்லை, பூச்சி இல்லை.

"பிறவியிலேயே இருக்கலாம். மருந்து ஒண்ணும் கிடையாது," என்றார். "பின்னாலேர்ந்து தொடாதீங்க. கிட்ட போறதுக்கு முன்னாடி தரையைத் தட்டுங்க, அதிர்வு தெரியும். முன்னாடி போய்க் கையை மோந்து பார்க்க விட்டுத் தூக்குங்க. அவ்வளவுதான். நல்லா இருக்கும்."

வீட்டில் எல்லோரும் பழகிக்கொண்டோம். கூண்டை நெருங்கும்போது காலால் லேசாகத் தரையில் தட்டுவோம். அறைக்குள் நுழைவதற்கு முன் லைட்டை ஒருமுறை போட்டு அணைப்போம். வெள்ளை திடுக்கிடுவதை நிறுத்தியது. மகள் தரையைத் தட்டினால் எங்கிருந்தாலும் ஓடிவந்து அவள் பாதத்தை மோந்தது.

ஒருநாள் மாலை நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது ஏதோ தோன்றித் திரும்பினேன். சமையலறை வாசலில் மகள் நின்றிருந்தாள். கையில் அதே பிளாஸ்டிக் பை. அதைக் கசக்கிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் குறும்பு எதுவும் இல்லை. பயந்துபோயிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள், என்னவெல்லாம் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் பையை மடித்துக்கொண்டு போய்விட்டாள். பெற்ற பெண் முன்னால் துணியில்லாமல் நின்ற மாதிரி இருந்தது எனக்கு.

மறுநாளிலிருந்து என்னிடம் வரும்போதும் அவள் காலால் தரையைத் தட்டிவிட்டு வந்தாள்.

"நான் என்ன முயலாடி?" என்று ஒருநாள் கத்தினேன்.

"இல்லம்மா. உனக்குத் தூக்கிவாரிப் போடுது, அதான்," என்றாள். அவள் அழவில்லை. என்னால்தான் அவளைப் பார்க்க முடியவில்லை.

வெள்ளைக்குக் காது கேட்காது என்ற செய்தி வீட்டுக்கார அம்மாவுக்கும் போய்ச் சேர்ந்தது. அவர் நேராக வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"இன்னா டீச்சர், இத்த வச்சிகினு இன்னா பண்ணப் போறீங்க? பூனை பின்னால வந்தாகூட இதுக்குத் தெரியாது. எங்கிட்ட குட்த்துடுங்க, ஞாயித்துக்கெழம கொழம்பு வச்சிடலாம். புள்ளைக்கு வேற நல்ல குட்டி தரேன்."

வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை.

"எனக்கும்தான் காது கேக்கல அக்கா. என்னையும் கொழம்பு வெச்சிடுவீங்களா?"

அத்தனை வருடம் மறைத்ததை ஒரு முயலுக்காகப் போட்டு உடைத்துவிட்டேனே என்று இருந்தது. அவர் ஆச்சரியப்படுவார், பரிதாபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டார்.

"அதான் தெரியுமே டீச்சர்."

"யாருக்குத் தெரியும்?"

"அல்லாருக்கும்தான். பால்காரனுக்குத் தெரியும், கேஸ்காரனுக்குத் தெரியும். அவன் எத்தினி தபா பெல் அட்ச்சிகினு நின்னுகீறான்! உங்க வூட்டுக்காரருக்குத் தெரியாதா இன்னா? நீங்க சங்கடப்படுவீங்கன்னு யாரும் சொல்றதில்ல."

அந்தக் காலனியில் எல்லோரும் சத்தமாகப் பேசுகிறவர்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எந்த விஷயமானாலும் அந்த அம்மா ஏன் உள்ளே வந்து என் எதிரில் நின்றே சொல்வார் என்று யோசித்ததில்லை. பள்ளியை நினைத்தேன். போர்டுப் பக்கம் திரும்பி நான் எழுதிக்கொண்டிருக்கும்போது நாற்பது பெண்கள் என்னென்ன பேசியிருப்பார்கள்! தங்களுக்குத் தெரியும் என்பதை எல்லோரும் கூடி என்னிடம் மறைத்திருக்கிறார்கள். என் கெட்டிக்காரத்தனமெல்லாம் அவர்கள் போட்ட பிச்சை. காது கேட்காததைவிட அதுதான் என்னைத் தலைகுனிய வைத்தது. அந்த அம்மா எழுந்து போனதைக்கூட நான் கவனிக்கவில்லை. முயலைப் பற்றி அவர் மறுபடி கேட்கவில்லை. சாம்பலையும் குட்டி போட்ட கொஞ்ச நாளில் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்.

கணவரிடம் கேட்டேன். "நீயா சொல்லட்டும்னு இருந்தேன்," என்றார். பிறகு, "அன்னிக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது," என்றார்.

அடுத்த வாரம் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். காதுக்குள் இருக்கிற சின்ன எலும்பு இறுகிக்கொண்டு வருகிறது, பிரசவத்துக்குப் பிறகு சில பெண்களுக்கு அதிகமாகும் என்றார் டாக்டர். ஆபரேஷனுக்கு நான் பயந்தேன். மெஷின் எழுதிக் கொடுத்தார். அந்த நாட்களில் அது தீப்பெட்டியைவிடப் பெரிதாக இருக்கும். ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, ஒயரைக் கழுத்து வழியாகக் காதுக்குக் கொண்டுபோக வேண்டும். பள்ளிக்கு முதல் நாள் மாட்டிக்கொண்டு போனபோது தலைமுடியை இழுத்து இழுத்து ஒயரை மூடினேன். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. முதல் பெஞ்சுப் பெண் எழுந்து, கணக்குக்கான விடையை வேண்டுமென்றே மிக மெதுவாகச் சொன்னாள். அந்தக் கருணையைத் தாங்குவதும் எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஒரு மாலை வெள்ளையை மடியில் வைத்து நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தேன். அது மெல்ல ஏறி, ரவிக்கைக்குள் மெஷின் இருந்த இடத்தில், என் மார்பில் தலையைச் சாய்த்தது. காதுக்குள் கரகரவென்று ஒரு சத்தம். மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். தடவுவதை நிறுத்தினால் சத்தமும் நின்றது.

"அது பல்லைக் கடிக்குதும்மா. சந்தோஷமா இருந்தா அப்படிப் பண்ணும். உனக்குக் கேக்குதா?" என்றாள் மகள்.

கேட்டது. தான் போடும் அந்தச் சத்தம் வெள்ளைக்கே கேட்காது. எனக்குக் கேட்டது.

இதோடு என் வெட்கம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல ஆசைதான். அடுத்த ஆண்டு கோவிலம்பாக்கத்தில் என் கணவரின் தம்பிக்குக் கல்யாணம். சொந்தக்காரர்கள் எல்லோரும் வருவார்கள் என்று மண்டபத்து வாசலிலேயே மெஷினைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுவிட்டேன். நாள் முழுவதும் யார் என்ன சொன்னாலும் தலையாட்டிச் சிரித்தேன். சாப்பாட்டுப் பந்தியில் எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த என் மகள் ஏதோ சொன்னாள். புரிந்த மாதிரி அவளைப் பார்த்தும் சிரித்தேன். அவள் திரும்பச் சிரிக்கவில்லை. இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அவள் என்ன சொன்னாள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.