பின்பக்கக் குளியலறைத் தாழ்ப்பாள்

மிளகாய் என்ற பட்டப்பெயரை அவளுக்கு வைத்தவர்கள் பேருந்து நிலையத்தில் அவள் வேலை பார்த்த முன்பதிவு கவுன்டரில் வரிசை கட்டி நின்றவர்கள். நடுவில் புகுந்து பல்லை இளிப்பவனை அவள் ஒரே பார்வையில் கடைசிக்கு அனுப்பிவிடுவாள். முடக்குவாதம் வந்து விரல் மூட்டுகளெல்லாம் வீங்கி, வேலையை விட்டுத் தம்பி வீட்டுப் பின்னறைக்கு வந்த பிறகும் அந்தக் காரம் குறையவில்லை. கேட்கத்தான் ஆளில்லை.

அந்த நோய்க்கு ஒரு குணம் உண்டு. விடிந்ததும் கையும் காலும் கட்டையாகக் கிடக்கும். வெயில் ஏற ஏறத்தான் இளகும். மத்தியானம் நலம் விசாரிக்க வருகிற சொந்தக்காரர்களுக்கு இது எப்படி விளங்கும்? "நல்லாத்தானே நடக்கறா! காலையில மட்டும் எங்கிருந்து வருது வலி?" என்று கூடத்திலேயே குசுகுசுப்பார்கள். அவள் காதில் விழ வேண்டும் என்றுதான். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இந்த ஜென்மங்களுக்கு வந்தாலும் தெரியாது என்பது மிளகாயின் கணிப்பு.

"மனசைத் தைரியமா வெச்சுக்கோ, எல்லாம் சரியாயிடும்" என்றாள் ஒரு சித்தி.

"வீங்கினது மூட்டு சித்தி. மனசு நல்லாத்தான் இருக்கு, நீங்க வர்ற வரைக்கும்" என்றாள் மிளகாய். சித்தி அப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

ஒருநாள் காலையில் பின்பக்கக் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். எழவும் முடியவில்லை, தாழ்ப்பாளை எட்டவும் முடியவில்லை. தம்பி தோளால் இடித்துத்தான் கதவைத் திறந்தான். அன்றைக்கே திருப்புளியோடு வந்து தாழ்ப்பாளைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனான். "உன் நல்லதுக்குத்தான்க்கா."

அதோடு அவள் மானம் தெருவுக்கு வந்தது. தம்பி மனைவி வாளி எடுக்க வருவாள். பக்கத்து வீட்டுக்காரி சும்மா வருவாள். கதவு பட்டென்று திறக்கும். "அய்யோ, உள்ள இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு, பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் மூடுவார்கள். மிளகாய் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டே குளிக்கப் பழகினாள். வீட்டில் ஆள் நடமாட்டம் இருக்கும்போது உள்ளே போகப் பயந்து, தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டாள். அடிவயிறு எரிந்தது. மூட்டு வலிக்காகக்கூட அழாதவள் அதற்காக அழுதாள்.

தம்பியிடம் கேட்டால், "நம்ம வீட்டுக்குள்ள என்னக்கா வெட்கம்?" என்று சிரித்தான்.

ஜன்னல் சரிசெய்ய ஒரு தச்சர் வந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரம். குளியலறைக்கு ஒரு தாழ்ப்பாள் போட்டுத் தரும்படி கேட்டாள்.

தச்சர் அவள் கோணல் விரல்களைப் பார்த்தார். "சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடறேம்மா. அவர் ஏதாவது நினைச்சுக்கப் போறாரு."

இவருக்கும் மூளை முழங்காலில்தான் இருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அதுவும் சரிதான். ஆனா ஒண்ணு மறந்துட்டேன். மத்த கதவுல இருக்கற தாழ்ப்பாளையெல்லாம் கழட்டச் சொன்னாரு. முன்பக்கக் குளியலறை, படுக்கையறை, எல்லாம். பாதுகாப்புக்காகத்தான்."

"பாதுகாப்பா? சாருக்கு நல்ல மனசும்மா!" என்றவர் யாரையும் கேட்கவில்லை. போடத்தான் அனுமதி வேண்டும் போலிருக்கிறது, பிடுங்குவதற்கு வேண்டாம். வேலை சடசடவென்று முடிந்தது.

சாயங்காலம் தம்பி வந்ததும் நேராகக் குளிக்கப் போனான். தாழ்ப்பாள் இல்லாததைக் கவனிக்கும் அளவுக்கு அவனுக்கு ஏது கவனம்? உடம்பெல்லாம் சோப்பு நுரையாக நின்றபோது மிளகாய் கதவைத் தள்ளித் திறந்தாள்.

"அக்கா! என்னக்கா இது!" குவளையால் மறைத்துக்கொண்டான்.

"விழுந்து கிடக்கறியோன்னு பாத்தேன்" என்று சொல்லிவிட்டு, சாவகாசமாக நின்றாள். கதவை மூடவில்லை. சத்தம் கேட்டு ஓடிவந்த தம்பி மனைவி, தன் படுக்கையறைக் கதவிலும் தாழ்ப்பாள் இல்லாததைக் கண்டு வாயில் கைவைத்தாள்.

துண்டைக் கட்டிக்கொண்டு வந்து குதித்தான் தம்பி. "உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா?"

"நம்ம வீட்டுக்குள்ள என்னடா வெட்கம்?" என்றாள். பிறகு குரல் உடைந்தது. "கையும் காலும்தான்டா போச்சு. நான் இன்னும் போகல."

தம்பி திருப்புளியை எடுத்து ஒவ்வொரு கதவிலும் தாழ்ப்பாளைத் திரும்பப் பொருத்திக்கொண்டு வந்தான். கடைசியாகப் பின்பக்கக் குளியலறைக் கதவுக்கு வந்து நின்றான்.

"மறுபடி விழுந்தா என்னக்கா பண்றது?"

"கத்துவேன். கதவை உடை. கதவு போனாப் போகுது."

மறுநாள் காலையில் விரல்கள் மடங்கவே இல்லை. உள்ளங்கையின் அடியால் தாழ்ப்பாளை முட்டி முட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினாள். ஒருவழியாகத் தாழ் விழுந்தது. வாளியில் தண்ணீர் நிரம்பும்போது யாரோ வெளியிலிருந்து கதவைத் தள்ளினார்கள். அசையவில்லை. இன்னொரு முறை தள்ளினார்கள்.

"ஆள் இருக்கு" என்றாள் மிளகாய்.