அவுட்லைனில் வந்த ஒரே வரி

எங்கள் டீமை வைத்துக்கொள்வதா, கலைப்பதா என்று முடிவெடுக்கும் மீட்டிங் இன்று சால்ட் லேக் ஆபீஸில்.

பெரிய அதிகாரி ஸ்லைடு பார்க்க மாட்டார். ஸ்லைடுகளின் எழுத்தை மட்டும் வரிசையாகக் காட்டும் அவுட்லைனை பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால்தான் படிப்பார்.

மூன்று வாரம் உட்கார்ந்து முப்பத்தெட்டு ஸ்லைடு செய்திருந்தேன். காலையில் அவுட்லைனைத் திறந்தால் வெறும் எண்கள் வரிசையாக நிற்கின்றன. எழுத்தைக் காணோம்.

பக்கத்து சீட் வங்காளி அக்கா, மௌமிதா தீதி எட்டிப் பார்த்தார்.

"எல்லாத்தையும் தனித்தனியா டெக்ஸ்ட் பாக்ஸ் போட்டா எழுதின?"

"ஆமா தீதி."

"அரே பாபா, அது அவுட்லைன்ல வராது. ஸ்லைடு திறந்ததும் தானா வருதே ஒரு கட்டம், அதுல எழுதினாத்தான் வரும்."

அசிங்கமாக இருக்கிறதே என்று அந்தக் கட்டங்களை முதல் நாளே அழித்துத் தொலைத்தது நான்தான்.

மாற்ற நேரமில்லை. இருந்ததை அப்படியே பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். கடைசி ஸ்லைடில் மட்டும் கட்டத்தை அழிக்க மறந்திருக்கிறேன். அதனால் ஒரே ஒரு வரி வந்திருந்தது: 'தேங்க் யூ.'

அதிகாரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நானும் இதைத்தான் சொல்ல வந்தேன்" என்றார்.

யாராவது ஆள் எடுக்கிறீர்களா? இனிமேல் கொடுத்த கட்டத்துக்குள்ளேயே எழுதுகிறேன்.